உன் அம்மாவின் வளவைப் பார்த்தேன் மச்சான்

மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம். பெரியம்மாவின் முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை, உன்னை விசாரித்தார். நீ அனுப்பிய மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இனி அனுப்பாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விடுதி கட்டுவதற்காக நீ கேட்டபடி நெடுந்தீவுக்குப் போய் உன் அம்மாவின் வளவைப் பார்த்துவிட்டு வந்தேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ ஒரு வசனத்தை முடிக்க விடமாட்டாய், பள்ளிக்கூடத்திலேயே கணக்கு மாஸ்டர் அதற்குத்தானே உன்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். ஆகவே எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் என்று அதே பாதைதான். துறையில் நிற்கிற சனத்தில் முக்கால்வாசி நயினாதீவு அம்மனிடம் போகிறவர்கள், நெடுந்தீவுப் படகில் ஏறுவது ஊர்க்காரரும் அவர்களுடைய மூட்டைகளும்தான். அரிசி, சீமெந்து, காஸ் சிலிண்டர், ஒரு புதுச் சைக்கிள், எல்லாம் அந்தப் படகிலேயே வந்தது. கடலில் ஒரு மணிநேரம். இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் ஊர் அமைதியாகிவிட்டது, பனையோலையில் காற்று உரசுகிற சத்தமும் எங்கோ ஒரு ட்ரக்டரும் தவிர வேறொன்றும் இல்லை. பெருக்குமரத்தையும் போய்ப் பார்த்தேன். அந்தப் பொந்துக்குள் நாங்கள் எல்லாரும் நின்று எடுத்த படம் உன்னிடம்தான் இருக்கிறது, திருப்பித் தருவதாகச் சொல்லி எத்தனை காலம்!

வளவு நல்லாக இருக்கிறது. வீட்டின் கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. கல்வேலியும் நிற்கிறது, உன்னிடம் நான் பேச வந்ததே அந்த வேலியையும் கிணற்றையும் பற்றித்தான். நீ அனுப்பிய விடுதி வரைபடத்தில் வேலியை உடைத்துவிட்டுச் சீமெந்துக் கல்லில் மதில், பெரிய கேற், ஆறு அறை விடுதி, அறைக்கு அறை ஷவர், பின்னால் குழாய்க்கிணறு. மேசன்மாரையும் பிடித்துவிட்டாய். கொஞ்சம் பொறு.

முதலில் வேலி. நெஞ்சளவு உயரம், முழுக்க முருகைக்கல், கடல் பவளக்கல்தான், சாந்து ஒரு துளி கிடையாது. வடக்கு மூலையில் கொஞ்சம் சரிந்திருந்தது, நான் நிற்கும்போதே பக்கத்து வளவு அண்ணையும் மகனும் வந்து அதை அடுக்கிக் கொடுத்தார்கள். பெரிய கல்லை வைத்து ஆட்டிப் பார்ப்பார், ஆடினால் திருப்பி வைப்பார், பிறகு சின்னக் கல்லை இடுக்கில் செருகி இறுக்குவார். மகன் கல்லை எடுத்துக் கொடுக்கும் முன்னமே எந்தக் கல் வேண்டும் என்று தகப்பன் கையை நீட்டிவிடுகிறார். காற்று கல்லிடுக்கால் போய்விடுவதால் வேலி தாங்கும், சரிந்தாலும் அதே கல்லை அடுக்கினால் சரி, கடையில் ஒன்றும் வாங்க வேண்டாம். ஆடு மாடு உள்ளே வராது, குதிரையும் வராது. ஊர் முழுக்க ஒழுங்கைக்கு ஒழுங்கை இந்த வேலிதான் மச்சான், நெடுந்தீவின் முகமே இதுதான். உன் விடுதிக்கு வருகிறவன் இதைப் பார்க்கத்தான் வருவான், நீ அதை உடைத்துவிட்டு அவனுக்கு எதைக் காட்டப்போகிறாய்?

வேலியாவது போகட்டும், கிணற்று விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். இந்தத் தீவில் ஆறு இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்கிற மழைதான் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைவு, அதனால்தான் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே அது 1 அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு இருக்கும் என்பது கணக்கு. இதை அப்படியே திருப்பிப் பார். பம்பு போட்டு மேலே 1 அடியை இறக்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறி வரப் பார்க்கும். குழாய்க்கிணறு ஆழமாகப் போகப்போக உப்புக்குத்தான் கிட்டப் போகிறது. ஒருமுறை சவராகிவிட்டால் ஒரு மாரியில் திரும்பாது, வருஷக்கணக்காகும். உன் கிணறு மட்டும் கெடுவதென்றால் உன் பாடு என்று விட்டுவிடுவேன். அந்த அண்ணையின் கிணறு உன் வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரம்கூட இல்லை. மண்ணுக்குக் கீழே வேலி கிடையாது.

இப்போதே சில இடத்தில் தண்ணீர் இனிக்கிறது, கொஞ்சம் தள்ளிப்போனால் வாயில் வைக்க முடியாது. பெண்கள் சைக்கிளில் கான் கட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போவதைக் கண்ணால் கண்டேன். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுப்போன அந்தக் கட்டைக் குதிரைகளையும் கண்டேன், வற்றின குளத்துச் சேற்றில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றன, விலா எலும்பு எண்ணலாம். கோடை நீண்டால் அவை செத்து விழுகின்றன. அங்கே போய் ஆறு ஷவரா?

உன் அம்மாவின் கிணறு இன்னும் இனிக்கிறது. நான் குடித்தேன். வாளியில் அள்ளித் தலையில் ஊற்றிக் குளித்தேன். அந்த வீட்டில் ஒருவரும் இல்லாத இத்தனை வருஷமும் அண்ணையின் குடும்பம்தான் கிணற்றை இறைத்துத் துப்புரவாக வைத்திருக்கிறது, அது உனக்குத் தெரியுமா?

குமுதினிப் படகில் கொல்லப்பட்டவர்களின் நினைவிடத்திலும் நின்றேன். 1985 மே 15. உன் அம்மா அதற்குப் பிறகு கடல் தாண்டமாட்டேன் என்று இருந்ததும், நீயும் அந்தப் பக்கம் போகாததும் எனக்குத் தெரியும், அதைப் பற்றி நான் ஒருநாளும் உன்னைக் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஊரை விட்டுப் போகாமல் இருந்தவர்கள் இருக்கிறார்கள் மச்சான், அவர்களுக்கு வேறு கிணறு இல்லை.

விடுதி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர்ப் பிள்ளைகள் நாலு பேருக்கு வேலை கிடைத்தால் எனக்கும் சந்தோஷம். இரண்டு அறை போதும். கூரைத் தண்ணீரை விழுத்த ஒரு தொட்டி கட்டு, மாரி முழுக்கச் சேரும், குளிப்புக்கும் கழுவலுக்கும் அதுவே போகும். கிணறு குடிக்கவும் சமைக்கவும் மட்டும், கயிறும் வாளியும் போதும். வருகிறவன் இரண்டு வாளியில் குளிக்கட்டும், நாங்கள் குளித்து வளரவில்லையா?

மேசன்மார் நேற்றும் எனக்குப் போன் எடுத்தார்கள், வேலியை எப்போது பிரிக்கலாம் என்று கேட்கிறார்கள். நான் ஒரு பதிலும் சொல்லவில்லை. உன் அக்காவோடும் பேசிவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுது, போன் எடுக்காதே. தொட்டி கட்டுவதென்றால் மழைக்கு முன்னம் சீமெந்தைப் படகில் ஏற்ற வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்