மணியின் கயிற்றை விட்டுவிடு, அம்மணி

காங்கயம்
மே 18

அன்புள்ள அம்மணிக்கு,

இவ்விடம் நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் நாய் மணியும் அங்கே இங்கிலாந்தில் நலந்தானே?

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய வீடியோவை உன் அம்மா இரண்டு முறை பார்த்துச் சிரித்தாள். நான் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்துவிட்டேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஹேதர்சேஜ் ஊர்ப் பக்கத்து மேய்ச்சல் காட்டில் மாடுகள் துரத்தி வந்ததையும், கடவைத் தாண்டிக் குதித்ததில் பேண்ட் கிழிந்ததையும் நீ வேடிக்கையாகத்தான் சொன்னாய். "காங்கயத்துக்காரியையே மாடு விரட்டிவிட்டது" என்று மாப்பிள்ளை பின்னாலிருந்து கேலி செய்வதும் காதில் விழுந்தது. தொலைபேசியில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ முடித்துவிடுவாய் என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் கால்நடை மருந்தகத்தில் மாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றவன் சொல்வதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

உன்னை நோக்கி ஓடி வந்தவை கிடாரிகள். ஒன்றரை வயது இருக்கலாம். மடி இன்னும் இறங்கவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளி வருவதும், பத்தடி தூரத்தில் சட்டென்று நின்று மூச்சை இழுத்து மோப்பம் பிடிப்பதும் அந்த வயதின் புத்தி. அவற்றைப் பார்த்துத்தான் நீ பயந்து ஓடினாய். நீ பயந்திருக்க வேண்டிய மாடு அந்தக் கூட்டத்திலேயே இல்லை. வீடியோவின் பதினோராவது நொடியில் நிறுத்தி, இடது ஓரத்தில் கல்சுவரை ஒட்டியிருக்கும் செந்தட்டிப் புதரைப் பெரிதாக்கிப் பார். அங்கே ஒரு செவலை மாடு தனியாக நிற்கிறது. உடல்வாகைப் பார்த்தால் லிமோசின் என்ற இறைச்சி இனத்தின் கலப்பாகத் தெரிகிறது. மடி கனத்திருக்கிறது, வாலின் மயிரெல்லாம் காய்ந்து ஒட்டிக் கிடக்கிறது. ஈன்று ஒரு நாளோ இரண்டு நாளோதான் ஆகியிருக்கும். அதற்கு முன்னால் புல்லுக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் தெரிகின்றனவே, அவை கன்றின் காதுகள். ஈன்ற முதல் சில நாட்கள் மாடு தன் கன்றைப் புல்லில் படுக்க வைத்து மறைத்துவிட்டுச் சற்று விலகி மேயும் என்பதால், கன்று கண்ணில் படவில்லை என்பதற்காகக் கன்று இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

அந்த இரண்டு காதுகளுக்கும் அந்தச் செவலைக்கும் இடையே நீ நடந்து போயிருக்கிறாய். பட்டனை அழுத்தினால் நீளுகிற அந்தக் கயிற்றின் நுனியில், உனக்குப் பதினைந்தடி முன்னால், மணி கன்றின் பக்கமாக மூக்கை நீட்டிக்கொண்டு போகிறான். செவலை தலையைத் தாழ்த்தி இரண்டு முறை ஆட்டுகிறது. முன்னங்காலால் ஒரு முறை மண்ணைப் பறிக்கிறது. அதற்குள் கிடாரிகள் வந்துவிட்டதால் நீ எதிர்ப்பக்கம் திரும்பி ஓடிவிட்டாய். உன்னைக் காப்பாற்றியது உன் ஓட்டம் இல்லை, அம்மணி. தற்செயலாகக் கன்றை விட்டு விலகுகிற திசையில் நீ ஓடியதுதான். அறுநூறு எழுநூறு கிலோ எடையுள்ள மாடு பாய்ந்து வந்தால் மனிதர் எவரும் அதை ஓடி வெல்ல முடியாது.

அந்த மாட்டின் மேல் கோபப்படாதே. மணியை நீ பிள்ளை என்கிறாய். அதன் கண்ணுக்கு அவன் ஓநாய். இங்கிலாந்தில் ஓநாய்கள் அற்றுப்போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன என்ற செய்தி மாடுகளுக்கு எட்டவில்லை. அதோடு, அங்கே கன்றோடு மேய்கிற இந்த இறைச்சி மாடுகளை யாரும் பால் கறப்பதில்லை. ஆறேழு மாதம், சில இடங்களில் அதற்கு மேலும், கன்று தாயுடனேயே திரியும். நம் பக்கத்து மாட்டுக்குத் தவிடு காட்டவும், கறக்கவும், கட்டுத்தறி மாற்றவும் அன்றாடம் மனிதக் கை படுகிறது. அந்த மாடுகள் பழகிய மனிதரோ, நாலு சக்கர பைக்கில் தீவனம் கொண்டுவரும் பண்ணைக்காரர் ஒருவர்தான். ஆகவே காங்கயத்தில் மாட்டோடு வளர்ந்தவள் என்ற தைரியம் உனக்கு அங்கே உதவாது. சொல்லப்போனால் அது கெடுதல்.

நாங்கள் அங்கு வந்திருந்தபோது என்னை மிகவும் வியக்க வைத்தது அந்தப் பொது நடைத்தடங்கள்தாம். ஒருவருடைய மேய்ச்சல் காட்டின் நடுவே, மாடுகள் மேய்ந்துகொண்டிருக்கும்போதே, ஊர் பேர் தெரியாத எவரும் நடந்துபோகச் சட்டப்படி உரிமை இருக்கிறது. நம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி போட்டு, கடவில் படல் சாத்தி, கொழுக்கட்டைப் புல்லில் மாடுகளை விட்டிருக்கும்போது அயலார் ஒருவர் உள்ளே கால் வைத்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியும். அந்த உரிமை நல்ல உரிமைதான். ஆனால் அது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, மாடு அதில் கையெழுத்துப் போடவில்லை.

இப்போது இத்தனை நாள் உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நீ மூன்றாம் வகுப்பில் படித்தபோது ஒரு மாதம் கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு நான் வீட்டில் இருந்தது நினைவிருக்கும். மாடு முட்டிவிட்டது என்று மட்டும்தான் எல்லோரிடமும் சொன்னேன். அன்று விடியற்காலையில் பக்கத்து ஊரிலிருந்து, மாடு ஈன்று நஞ்சுக்கொடி விழவில்லை என்று ஆள் வந்தது. நான் மொபெட்டில் கிளம்பியபோது நம் நாய் கருப்பன் பின்னாலேயே ஓடி வந்தான். இறங்கி அவனைத் திருப்பி விரட்டச் சோம்பல்பட்டு அப்படியே போய்விட்டேன். சாதுவான மாடு; அந்த வீட்டுக் குழந்தைகள் அதன் காலடியில்தான் விளையாடுவார்கள். நஞ்சுக்கொடியின் வாடைக்குக் கருப்பன் தொழுவத்துக்குள் நுழைந்ததுதான் தாமதம், அது தும்பை அறுத்துக்கொண்டு வந்தது. அவனோ ஓடி வந்து என் கால்களுக்கிடையில் ஒளிந்துகொண்டான். நான் குனிந்து அவனை வாரி எடுத்தேன். அந்தக் குனிதல்தான் நான் செய்த தவறு. காறை எலும்பு முறிந்த சத்தம் வெளியே நின்றவருக்கும் கேட்டதாம். விழுந்த வேகத்தில் கருப்பன் என் கையிலிருந்து நழுவினான். கண் இமைக்கும் நேரத்தில் வேலியைத் தாண்டிவிட்டான். மாடு எனக்கு மேலே மூச்சு விட்டுக்கொண்டு நின்றது, பிறகு என்னை அப்படியே போட்டுவிட்டு அவன் போன திசையில் ஓடியது. அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாலையில் நான் கட்டுப்போட்டுக்கொண்டு வந்தபோது திண்ணையில் படுத்து வாலை ஆட்டினான்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். மாடு பாய்கிறது என்று தெரிந்த நொடியில் மணியின் கயிற்றை விட்டுவிடு. அவனைத் தூக்காதே, இழுக்காதே, உன் பின்னால் ஒளித்துக்கொள்ளாதே. மாட்டுக்கு வேண்டியது அவன்தான். அவன் மாட்டைவிட வேகமாக ஓடுவான், சுற்றி வளைத்துத் தப்பித்துவிடுவான். கயிற்றால் அவனோடு உன்னைக் கட்டிக்கொண்டிருந்தால் அடி உனக்குத்தான் விழும். இங்கிலாந்து அரசு வெளியிட்டிருக்கிற நாட்டுப்புற நடத்தை விதிகளும் இதையே சொல்கின்றன: கால்நடைகளால் ஆபத்து என்று தோன்றினால் நாயை அவிழ்த்துவிடு, இருவருக்கும் தப்புவது எளிது. படிக்கும்போது எல்லோருக்கும் இது சரியாகத்தான் தோன்றும். அந்த நேரத்தில் கை தானாக இறுகும், கண்ணு. எனக்கு இறுகியது. அதனால் கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிச் சுற்றிக்கொள்ளும் உன் பழக்கத்தை இன்றே விடு. நீளுகிற கயிறும் வேண்டாம்; ஆறடிக்குள் அடங்கும் சாதாரணக் கயிற்றை உள்ளங்கையில் பிடித்தால் போதும்.

நாயைக் கயிற்றில் வைத்திரு என்பதையும் கயிற்றை விட்டுவிடு என்பதையும் ஒரே மூச்சில் சொல்கிறேனே என்று நீ கேட்கலாம். மாட்டைத் தூண்டாமலிருக்கக் கயிறு வேண்டும். மாடு தூண்டப்பட்ட பிறகு அதே கயிறு எமனாகிவிடும். உங்கள் சட்டத்திலும் முதல் பாதி இருக்கிறது: 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மேட்டுநிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும், கால்நடைகளின் அருகில் என்றால் ஆண்டு முழுவதும் அப்படித்தான். நாய் ஆடுமாடுகளை விரட்டும்போது வேறு வழியில்லையென்றால் பண்ணைக்காரர் அதைச் சுடவும் சட்டம் இடம் தருகிறது. அவருடைய பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: நாயின் மலத்திலிருந்து புல்லுக்குப் போகிற நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மாட்டுக்குச் சினை கலையச் செய்யும். மணியின் கழிவைப் பையில் எடுத்துக்கொண்டு வா. அங்கேயே வேலியில் தொங்கவிட்டு வருகிறவர்களை நான் கண்ணால் பார்த்தேன்.

இது அப்பாவின் மிகையான பயம் என்று நினைத்தால், உங்கள் ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டேவிட் பிளங்கெட்டுக்கு நேர்ந்ததைப் பார். உள்துறை அமைச்சராக இருந்தவர், பிறவியிலேயே பார்வையற்றவர். 2009 ஜூன் மாதம், தம் பிறந்தநாளன்று, இதே பீக் டிஸ்ட்ரிக்டில் வழிகாட்டி நாயுடன் நடந்துபோனபோது மாடு பாய்ந்து அவருடைய விலா எலும்பு முறிந்தது. அந்த நாயைவிட ஒழுக்கமாகப் பழக்கப்பட்ட நாய் எங்கே இருக்கப்போகிறது? லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதல் 2013 வரை செய்திகளில் வெளியான, நடந்துசென்றவர்களை மாடு தாக்கிய 54 நிகழ்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ நான்கில் ஒன்று உயிரிழப்பில் முடிந்திருந்தது. மூன்றில் இரண்டு பங்கில் நாய் உடனிருந்தது. இருபது ஆண்டுகளில் செய்திகளில் வந்தவை அவ்வளவுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டால் உயிரிழப்பவர்களில் அங்கும் பெரும்பாலோர் பண்ணையில் வேலை செய்பவர்களே. நீ நடக்கப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை.

காளையைப் பற்றி மாப்பிள்ளை கேட்டிருந்தார். பால்மாட்டு இனத்துக் காளையைப் பத்து மாத வயதுக்கு மேல் பொதுத்தடம் போகிற காட்டில் விடக் கூடாது என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஃபிரீசியன், ஜெர்சிக் காளைகளின் குணம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். இறைச்சி இனத்துக் காளையைப் பசுக்களோடு சேர்த்துத்தான் விடலாம். எல்லோரும் காளையைத் தேடிப் பயந்துவிட்டு, கன்று போட்ட மாட்டைக் கவனிக்காமல் போகிறார்கள்.

இனி நீ செய்ய வேண்டியது. கடவைத் தாண்டுவதற்கு முன் ஒரு நிமிடம் அப்படியே நின்று காட்டை முழுவதும் பார். கன்று இருக்கிறதா, தனியாக ஒதுங்கி நிற்கும் மாடு உண்டா, வெளியேற அடுத்த கதவு எங்கே என்று கண்டுகொள். ஏப்ரல் கடைசியிலும் மேயிலும், குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் அடைந்து கிடந்த மாடுகளை வெளியே விடும் பருவத்தில், இரட்டிப்பாகக் கவனி. கன்று இருந்தால் உள்ளே போகாதே. தடம் நேராகத்தான் போகிறது என்பதற்காக நீயும் நேராகப் போக வேண்டியதில்லை. சுற்றிப் போய் அப்பால் தடத்தைப் பிடித்துக்கொள்ளலாம், அதனால் ஏற்படும் தாமதத்துக்கு யாரும் உன்னைக் கேட்கப்போவதில்லை. மந்தைக்குள் புகுந்து அதை இரண்டாகப் பிரிக்காதே. கிடாரிகள் ஓடி வந்தால் முதுகைக் காட்டி ஓடாமல் திரும்பி நின்று கைகளை அகல விரித்து, தாழ்ந்த குரலில் "ஹோ, ஹோ" என்று சொல்லிக்கொண்டே கதவை நோக்கி மெல்ல நட, பெரும்பாலும் நின்றுவிடும். தடி ஒன்று கையில் இருக்கட்டும், அடிப்பதற்கு இல்லை, கையை நீளமாகக் காட்டுவதற்கு. ஆபத்து உண்மையிலேயே நேர்ந்தால் 999க்கு அழை. பிறகு பண்ணைக்காரருக்கும் தடங்களைப் பராமரிக்கும் கவுண்டி கவுன்சிலுக்கும் தெரியப்படுத்து. உனக்குப் பின்னால் வருகிறவருக்கும் அது பயன்படும்.

வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் மணியோடு தினமும் பழகு. நடந்துகொண்டிருக்கும்போதே கையைத் திறந்து கயிற்றை விட்டுவிட்டு, வேறு திசையில் நட. அவன் பழகுவதைவிட உன் கை பழகுவதுதான் முக்கியம்.

அடுத்த வாரம் எடேல் பக்கம் போகப்போவதாகச் சொன்னாய். கடவில் நின்றபடியே காட்டை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாக வீடியோ எடுத்து அனுப்பு. எது ஈன்றது, எது ஈனப்போவது என்று மடியைப் பார்த்துச் சொல்கிறேன். நான் போன் எடுக்கவில்லையென்றால் கல்சுவரைச் சுற்றிக்கொண்டு போ.

அன்புடன்,
அப்பா