மாம்பலத்தில் ஏறிய அக்காவுக்கு

தாம்பரம் மின்சார ரயிலில், லேடீஸ் பெட்டியில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டிருந்த பிளஸ் டூ பெண் நான்தான். "பீரியட்ஸா பாப்பா?" என்று மெதுவாகக் கேட்டு, சைதாப்பேட்டையில் என்னோடு இறங்கினீர்கள். டீக்கடையில் வெந்நீர் வாங்கி உங்கள் எவர்சில்வர் பாட்டிலில் நிரப்பி, துப்பட்டாவில் சுற்றி அடிவயிற்றில் வைத்தீர்கள். அப்பாடா என்றிருந்தது. (வெந்நீருக்குக் காசு கொடுத்தால் முறைத்தீர்கள்!)

"ஸ்கூலுக்கே போக முடியாத வலின்னா டாக்டரைப் பாரு. கல்யாணம் ஆனா சரியாயிடும்னு சொல்றவங்க பேச்சைக் கேக்காத" என்றீர்கள். அதைச் சொல்லித்தான் அம்மாவை எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு இழுத்துப் போனேன். கருப்பையை இறுக்கிச் சுருங்க வைக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற, உடலிலேயே சுரக்கும் பொருள்தான் காரணமாம். ஸ்கேனில் கோளாறு இல்லை. வலி தொடங்கியதுமே, சாப்பிட்டுவிட்டு, மெஃபனமிக் ஆசிட் என்ற வலி மாத்திரை போடச் சொன்னார்கள். இப்போது அந்த நாட்களிலும் பள்ளிக்குப் போகிறேன். ரொம்ப நன்றி அக்கா.