வண்ணத்துப்பூச்சி படம் ஒட்டி நீங்கள் விற்ற மில்க்வீட் செடியில் என்ன மருந்து இருக்கிறது?

நர்சரி நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கோடையில் உங்களிடம் வாங்கிய ஸ்வாம்ப் மில்க்வீட் (நம் எருக்கின் குடும்பத்துச் செடி) செடிகளில் இருந்த மோனார்க் வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் அத்தனையும் செத்துப்போயின. ஒன்றுகூடக் கூட்டுப்புழு ஆகும் வரை பிழைக்கவில்லை. இதைப் பற்றி நான் எழுதியதற்கெல்லாம் உங்களிடமிருந்து வந்தது அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ள ஒரு தள்ளுபடி கூப்பன். எனக்குக் கூப்பன் வேண்டாம். அந்தச் செடிகளுக்கு என்ன மருந்து போட்டார்கள், யார் போட்டார்கள், எப்போது போட்டார்கள், இதற்குப் பதில் வேண்டும்.

நான் உங்களுக்குப் புது வாடிக்கையாளர் இல்லை. நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு என் வீட்டில் இருக்கும் கறிவேப்பிலை, குண்டுமல்லி, செம்பருத்தி எல்லாம் உங்களிடம் வாங்கியவைதான். போன் செய்தால் தமிழில் பேசுவீர்கள், பனிக்காலத்தில் கறிவேப்பிலையை எங்கே வைக்கலாம், எப்போது கிள்ளிவிடலாம் என்று பொறுமையாகச் சொல்வீர்கள். அந்த நம்பிக்கையில்தான் பக்கத்திலேயே பெரிய கடை இருந்தும் மில்க்வீட்டையும் உங்களிடமே கேட்டேன். தெரிந்தவர்கள் பலருக்கும் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன், இல்லையென்றால் கார்டு கம்பெனியில் சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேன்.

வாங்கும் முன்பே உங்கள் வாட்ஸ்அப் எண்ணில் கேட்டேன்: "இது புழுக்கள் தின்னப்போகிற செடி, பூச்சிமருந்து எதுவும் போட்டிருக்கிறீர்களா?" உங்கள் பதில்: "இல்லை மேடம், வண்ணத்துப்பூச்சிக்கென்றே வளர்த்த செடி, தைரியமாக வாங்குங்கள்." பெட்டி வந்து பிரித்துப் பார்த்தபோது இலைகளில் ஒரு ஓட்டை இல்லை, குருத்தில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒன்றுகூட இல்லை. மில்க்வீட் வளர்த்தவர்களுக்குத் தெரியும், கோடையில் வெளியே வளரும் செடி என்றால் தண்டில் மஞ்சள் அசுவினி அப்பிக்கொண்டு இருக்கும். எனக்குச் சந்தேகம் வந்து மறுபடியும் கேட்டேன். மறுபடியும் அதே பதில். இரண்டு பதிலையும் படம் பிடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். தொட்டியில் குத்தியிருந்த அட்டையின் படமும் இருக்கிறது. ஆரஞ்சு நிற மோனார்க் படம் போட்டு, "வண்ணத்துப்பூச்சிகளுக்கு உகந்தது" என்று பெரிய எழுத்தில் அச்சடித்த அட்டை.

இனி நடந்தது. என் தோட்டத்தில் நானே விதை போட்டு வளர்த்த காமன் மில்க்வீட் என்ற இன்னொரு வகை ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் செடிகளை அதிலிருந்து நாலடி தள்ளி, வேலி ஓரமாக வைத்தேன். ஆகஸ்டில் தாய்ப் பூச்சி வந்து இரண்டு வரிசையிலும் முட்டை வைத்தது. இலையின் அடிப்பக்கம், ஒரு இலைக்கு ஒன்று, குண்டூசித் தலை அளவில் வெளிர்மஞ்சளாக, உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழே வரிவரியாக இருக்கும் முட்டை. இரண்டு பக்கமும் நன்றாகவே பொரிந்தன. முதலில் முட்டை ஓட்டைத் தின்றன, அப்புறம் இலையைச் சுரண்ட ஆரம்பித்தன. விதை போட்ட வரிசையில் இருந்தவை நாளுக்கு நாள் பெருத்து, தோல் உரித்து, கறுப்பு மஞ்சள் வெள்ளை வரிகளோடு விரல் தடிமனுக்கு வந்தன. உங்கள் செடிகளில் இருந்தவை இரண்டாவது தோலை உரிக்கும் முன்னாலேயே தின்பதை நிறுத்திவிட்டன. பிறகு தலையைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே இருந்தன. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வந்தது. இலையைப் பிடித்திருக்க முடியாமல் கீழே விழுந்து, உடம்பை வளைத்துக்கொண்டு நடுங்கி நடுங்கிச் செத்தன. கண் முன்னால் அது நடக்கும்போது எதுவும் செய்ய முடியவில்லை. எடுத்து நல்ல செடியில் விட்டுப் பார்த்தேன், அவையும் பிழைக்கவில்லை. என் மகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள்.

உங்கள் கடையில் போன் எடுத்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்ன காரணங்கள் எதுவும் பொருந்தவில்லை. வெயில் என்றார். நாலடி தள்ளி இருந்த வரிசைக்கும் அதே வெயில்தான். நோயாக இருக்கும் என்றார். வைரஸ் நோய் வந்தால் புழு கறுத்துக் கூழாகித் தொங்கும். ஒட்டுண்ணி ஈ முட்டை வைத்திருந்தால் அதன் புழு வெளியே வரும்போது வெள்ளை நூல் தொங்கும், அதுவும் புழு நன்றாகப் பெருத்த பிறகுதான். இது இரண்டும் இல்லை. நடுக்கம், வாந்தி, பிடி தளர்ந்து விழுவது, இவை நரம்பைத் தாக்கும் மருந்தின் அறிகுறிகள். கடைசியில் அவரே ஒன்று சொன்னார்: மில்க்வீட் உங்கள் நர்சரியில் வளர்ந்தது இல்லையாம், ஃப்ளோரிடாவில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வந்ததாம், அங்கே என்ன போட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாதாம்.

என் புகாரே இதுதான். தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை கேட்டவளிடம் இரண்டு முறையும் "இல்லை" என்று எப்படி எழுதினீர்கள்?

நான் சந்தேகப்படுவது இமிடாகுளோபிரிட் போன்ற நியோநிகோட்டினாய்டு மருந்துகளை. இவை இலையின் மேல் படிந்து நின்றுவிடும் மருந்துகள் இல்லை. மண்ணில் ஊற்றினால் வேர் உறிஞ்சி, தண்டு, இலை, பூவில் இருக்கும் தேன், மகரந்தம் என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோகும். கழுவினால் போகாது. மாதக்கணக்கில் செடிக்குள்ளேயே இருக்கும். அசுவினியைக் கொல்வதற்காகப் போடுகிறார்கள், வாங்குபவர்கள் பூச்சி இல்லாத பளபளப்பான செடியைக் கேட்கிறார்கள் என்பதும் ஒரு காரணம். செம்பருத்திக்குப் போட்டால் அது வேறு கதை. மோனார்க் புழுவோ மில்க்வீட் இலையைத் தவிர வேறு எதையும் தின்னாது. அதற்கு இருக்கும் ஒரே சாப்பாட்டில் மருந்தைக் கலந்துவிட்டு, அதன் படத்தையே அட்டையில் போட்டு விற்பது, குழந்தை படம் போட்ட சத்துமாவு டப்பாவுக்குள் எலிமருந்து கலந்து கொடுப்பதற்குச் சமம்.

இது என் தோட்டத்தில் மட்டும் நடந்த விஷயம் இல்லை. 2022-ல் நெவாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பூச்சிகளைக் காக்கும் அமைப்பான ஜெர்சஸ் சொசைட்டியும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் 33 கடைகளில் வாங்கிய 235 மில்க்வீட் செடிகளின் இலையைச் சோதித்தார்கள். மொத்தம் 61 வகைப் பூச்சி, பூஞ்சை மருந்துகள் அகப்பட்டன, சராசரியாக ஒரு செடிக்கு 12, அதிகபட்சம் ஒரே செடியில் 28. வண்ணத்துப்பூச்சிக்கு நல்லது என்று அட்டை போட்ட செடிகளைத் தனியாகப் பார்த்தும் பெரிய வித்தியாசம் இல்லை. செடி வியாபாரத்தில் இருக்கும் உங்களுக்கு இது செய்தியாக இருக்க முடியாது.

எங்கள் மாநிலச் சட்டத்தையும் கவனியுங்கள். 2022-ல் கையெழுத்தான சட்டப்படி, 2023 அக்டோபர் 31 முதல் நியூ ஜெர்சியில் வீட்டுத் தோட்டத்திலும் புல்வெளியிலும் என்னைப் போன்றவர்கள் நியோநிகோட்டினாய்டு வாங்கிப் போட முடியாது. தேனீக்களையும் மற்ற மகரந்தப் பூச்சிகளையும் காப்பாற்றத்தான் அந்தச் சட்டம். நானே விரும்பினாலும் போடக் கூடாத மருந்து, செடிக்குள் ஒளிந்து, என் கைக்காசில் என் வீட்டு மண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் நான் யாரைக் கேட்பது? பூத்த செடிகளில் தேனீக்கள் வேறு உட்கார்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் வேரோடு மண்ணோடு பிடுங்கிப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் போடக்கூடப் பயம்.

புழுதானே, அடுத்த வருஷம் வரும் என்று அந்தத் தம்பி ஆறுதல் சொன்னார். அவருக்கு இதைச் சொல்லுங்கள். கோடையின் ஆரம்பத்தில் பிறக்கும் மோனார்க் சில வாரம்தான் உயிரோடு இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் இந்தப் பக்கம் வளரும் தலைமுறை அப்படி இல்லை, அது எட்டு மாதம் போல உயிரோடு இருக்கும். நம் மாநிலத்தின் தென்முனையில் இருக்கும் கேப் மே கடற்கரை வழியாகத் தெற்கே இறங்கி, 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, மெக்சிகோவில் மிச்சோவாகான் பக்கத்து மலைகளில் ஓயமெல் என்ற ஊசியிலை மரங்களில் கொத்துக் கொத்தாகக் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் வடக்கே திரும்பி முட்டை வைக்க வேண்டிய தலைமுறை அது. என் வேலி ஓரத்தில் செத்தவை அந்தத் தலைமுறைதான். அந்த மலைகளில் 1996-97 குளிர்காலத்தில் பூச்சிகள் 18 ஹெக்டேருக்குப் பரவி இருந்தன. 2013-14-ல் அது 0.67 ஹெக்டேர், 2023-24-ல் 0.9. நடுவே கொஞ்சம் ஏறும், மறுபடி இறங்கும். களைக்கொல்லி தாங்கும் மக்காச்சோளமும் சோயாவும் வந்த பிறகு அமெரிக்காவின் நடுப்பகுதி வயல்களில் மில்க்வீட் பெரும்பாலும் அழிந்துபோனது முக்கியக் காரணங்களில் ஒன்று. அதை ஈடுகட்டத்தான் ஊர் ஊராக மக்கள் வீட்டு வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் மில்க்வீட் நடுகிறார்கள். உங்கள் மில்க்வீட் விற்பனையே இந்த அக்கறையால் நடப்பதுதான். மருந்து ஏறிய செடியை நடுவதைவிட ஒன்றும் நடாமல் இருப்பது மேல், அது தாய்ப் பூச்சியை வரவழைத்து முட்டையை வாங்கிக்கொண்டு குஞ்சைக் கொல்கிறது.

இன்னொன்று, அவசரமாகத் தெரிய வேண்டியது, கறிவேப்பிலை. அதுவும் எலுமிச்சைக் குடும்பம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களில் சிட்ரஸ் கிரீனிங் நோயைப் பரப்பும் சின்னப் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்கும். அதனால் ஃப்ளோரிடா போன்ற தடை வட்டாரங்களிலிருந்து எலுமிச்சை வகைக் கன்றுகளை வெளி மாநிலத்துக்கு அனுப்பும் முன் மண்ணில் இதே மாதிரி மருந்து ஊற்ற வேண்டும் என்று அமெரிக்க மத்திய வேளாண்துறை விதியே இருக்கிறது. விதி இருப்பதில் எனக்குத் தகராறு இல்லை, மரங்களைக் காப்பாற்ற வேண்டும்தான். ஆனால் நான் தினமும் ரசத்திலும் மோரிலும் கிள்ளிப் போடுகிற இலை அது. உங்கள் கறிவேப்பிலைக் கன்று எங்கிருந்து வருகிறது, அதில் மருந்து உண்டா, உண்டென்றால் எத்தனை மாதம் பறிக்காமல் இருக்க வேண்டும் என்று வாங்கும்போது ஒரு சீட்டிலாவது எழுதிக் கொடுத்தீர்களா? மில்க்வீட்டும் கறிவேப்பிலையும் ஒரே வியாபாரியின் ஒரே கூடாரத்தில் வளர்ந்தவையா என்றும் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் தளத்தில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் டிராபிகல் மில்க்வீட்டை டெக்சாஸ், ஃப்ளோரிடா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்புவதாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் ஊர்ப் பனியில் அது கருகிவிடும், அங்கே கருகாது. வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடியில் ஓ.இ. என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் சேர்ந்துகொண்டே போகும், புழு அதை நிறையத் தின்றால் சிறகு விரிக்க முடியாத பூச்சியாக வெளிவரலாம். அங்கே இருப்பவர்களுக்கு அந்த ஊர் மண்ணின் மில்க்வீட்டைக் கொடுங்கள், முடியாவிட்டால் குளிர்காலத்துக்கு முன் ஒட்ட வெட்டிவிடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். மொத்த வியாபாரியிடம் கேட்டு, செடிக்குப் போட்ட மருந்தின் பெயரையும் போட்ட மாதத்தையும் எழுத்தில் அனுப்புங்கள், அவர் சொல்ல மறுத்தால் அதையும் எழுதுங்கள். இந்தக் கோடையில் அதே லாட்டில் செடி வாங்கிய எல்லோருக்கும் தகவல் சொல்லுங்கள், என்னைப் போல ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு வரிசை இல்லாதவர்கள் வெயில் என்றும் நோய் என்றும் நினைத்துக்கொண்டு செடியை அப்படியே வைத்திருப்பார்கள். மருந்து இல்லை என்று உறுதி ஆகும் வரை அந்த அட்டையை எடுத்துவிடுங்கள். பணத்தைக் கூப்பனாக இல்லாமல் கார்டுக்கே திருப்புங்கள். விதையிலிருந்து மருந்து இல்லாமல் வளர்த்த செடி, இலையில் ஓட்டையும் தண்டில் அசுவினியுமாக இருந்தாலும், இரண்டு மடங்கு விலை சொன்னாலும் வாங்கிக்கொள்ள நானும் என் பக்கத்து வீடுகளும் தயார். அப்படி ஒன்றை நீங்கள் கொண்டுவந்தால் நானே நாலு பேருக்குச் சொல்வேன்.

ஆர்டர் ரசீது, வாட்ஸ்அப் பதில்கள், அட்டையின் படம், புழுக்களின் வீடியோ எல்லாம் இத்துடன் இருக்கின்றன. பிடுங்கும் முன் எடுத்த இலைகளைத் தனியாக ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், நீங்கள் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னால் எந்த ஆய்வகம் என்று சொல்லுங்கள், அனுப்புகிறேன், செலவு உங்களுடையது. போனில் வேண்டாம், பதிலை எழுத்தில் அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் வராவிட்டால் இதே படங்களோடு மாநில வேளாண்துறைக்கும் நுகர்வோர் பிரிவுக்கும் புகார் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்,
எடிசன், நியூ ஜெர்சி