முயல் கண்ணும் கோழிக் குடலும்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவன் பார்மசிதான் படிப்பேன் என்கிறான். எனக்கு உள்ளூர சந்தோஷம்.

பார்மகாலஜி (மருந்துகள் உடலில் செயல்படும் விதம்) லேபை எப்படி நடத்துகிறோம் என்று கேட்டிருந்தாய். 2014 விதிமுறைகளின் கீழ் பார்மசி கவுன்சில் கொண்டுவந்த பி.பார்ம் பாடத்திட்டம், விலங்குச் சோதனைகளை மென்பொருளும் வீடியோவும் வைத்தே காட்டச் சொல்கிறதே. புதுச்சேரி ஜிப்மரில் பேராசிரியராக இருந்த ரவீந்திரன் உருவாக்கிய எக்ஸ்ஃபார்ம் என்ற மென்பொருள்தான் எங்களுக்குக் கைகொடுக்கிறது. நம் காலத்தில் ஒரே தவளையைச் சுற்றி வகுப்பே நிற்கும். தசை சுருங்குவதைப் பதிய, புகை ஏற்றிய டிரம்மில் விழும் கோடு பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. அந்தத் தவளைகளை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

முயல் கண் சோதனையையே எடுத்துக்கொள். அட்ரோபின், எபிட்ரின் இரண்டுமே கண்பாவையை விரிக்கும். டார்ச் அடித்தால் எபிட்ரின் விட்ட கண்ணில் பாவை சுருங்கும், அட்ரோபின் விட்டதில் அசையாது. பாவை அப்படியே இருந்து, பஞ்சு பட்டும் இமை மூடவில்லையென்றால் அது மரத்துப்போக வைக்கும் லிக்னோகெய்ன். இதை ஒவ்வொரு பிள்ளையும் திரையில் தானே செய்து பார்க்கலாம், சந்தேகம் வந்தால் இன்னொரு தடவையும் பார்க்கலாம்.

ஆனால் பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. எக்ஸ்டர்னல் தேர்வாளராகப் போன ஒரு கல்லூரியில், ஆசிரியர் புரொஜெக்டரில் போட்டுக் காட்ட, பிள்ளைகள் ரெக்கார்டில் எழுதியிருக்கிறார்கள். அத்தனை ரெக்கார்டிலும் ஒரே அளவு, ஒரே வரி. வாய்மொழித் தேர்வான வைவாவில் டார்ச் எதற்கு என்று கேட்டேன். யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கு ரொம்ப வருத்தமாகிவிட்டது. எக்ஸ்ஃபார்மில் தேர்வு முறை என்று தனியாக இருக்கிறது. பெயர் தெரியாத மருந்தைக் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லும். நான் பிள்ளைகளைத் தனித்தனியாக அதில்தான் உட்கார வைக்கிறேன். அரை மணி நேரம் திணறினாலும் பரவாயில்லை, அப்புறம் மறக்கவே மாட்டார்கள்.

கைப்பழக்கத்தை மட்டும் திரை தராது. குடல் துண்டில் நூல் கட்டுவது, திசுவை உயிரோடு வைக்கும் டைரோடு உப்புக் கரைசலை 37 டிகிரியில் வைத்துக் காற்று விடுவது எல்லாம் கையால் செய்தால்தான் வரும். அதற்குக் கறிக்கடையில் கிடைக்கும் கோழிக் குடல் போதும். கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, வெட்டியவுடனே கரைசலில் போட்டு எடுத்து வரவேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் லேபில், குடல் துண்டைத் தொங்கவிட்டு மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆர்கன் பாத் சும்மா கிடக்கிறது என்றாயே, அதன் ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து எழுது. சரியாக இருந்தால் லீவில் வருகிறேன், சேர்ந்து ஓட்டிப் பார்ப்போம்.

அன்புடன்,
கலா