கம்பிக்கும் மூடிக்கும் காசு கேட்கிறோம்

எங்கள் தொடர்மாடியில் குடியிருப்பவர்களுக்கும், ஒருகாலத்தில் இங்கே இருந்துவிட்டு இப்போது லண்டன், டொரன்டோ என்று போய்விட்டவர்களுக்கும், கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கத்து அயலவர்களுக்கும் வணக்கம். எங்கள் கட்டடத்துச் சின்னப் பிள்ளைகளை விபத்துகளிலிருந்து காக்கும் சில வேலைகளுக்கு உதவி கேட்டு இதை எழுதுகிறேன்.

சித்திரை வருசம் முடிந்து வந்த சனிக்கிழமை காலையில் பம்ப் பழுதாகிவிட்டது. மேல்மாடிகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆறாம் மாடியில் இருக்கும் ஒரு தாய் இரண்டு வாளியோடு கீழே இறங்கினார். "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று மூத்தவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மூத்தவளுக்கு ஏழு வயது, தம்பிக்கு ஒன்றரை. விளையாடிய பந்து உருண்டு நடைபாதைக் கம்பிக்கு வெளியே இருக்கும் சீமெந்துத் தட்டில் போய் நின்றது. தம்பி கம்பிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காலால் அதை எட்டப் பார்த்தான். கால் வெளியே போனது. பிறகு இடுப்பு போனது, வயிறும் போனது. பாய் உதற வெளியே வந்த எதிர்வீட்டுச் சிங்கள அக்கா கத்தவில்லை, கூப்பிடவும் இல்லை. பாயைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். பிள்ளை பந்துக்காக அழுதான். பந்து இன்னும் அந்தத் தட்டில்தான் கிடக்கிறது.

அன்று பின்னேரம் படிக்கட்டில் நடந்த பேச்செல்லாம் அந்தத் தாயைப் பற்றித்தான். பிள்ளையைப் பார்க்காமல் அப்படி என்ன வேலை, கைபேசியில் இருந்திருப்பாள், இந்தக் காலத்துப் பெண்களே இப்படித்தான். நானும் சொன்னேன். சொன்ன வாய்க்கு அடுத்த நாளே வெட்கமாகிப் போனது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நான்கு பேர் அளவு நாடாவோடு போய்க் கம்பிகளுக்கு இடையே அளந்து பார்த்தோம். சில இடத்தில் ஐந்தரை அங்குலம். கம்பி கழன்று விழுந்த இரண்டு இடத்தில் பதினொரு அங்குலம். தாய் கண்ணை இமைக்காமல் நின்றிருந்தாலும் அந்த இடைவெளி குறையப் போவதில்லை.

இதற்கு ஓர் அளவு இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் இடம் விடக்கூடாது. அதற்கு மேலே போனால் உடம்பு நுழைந்துவிடும். தலை மட்டும் சிக்கினால் அது இன்னும் ஆபத்து. அதனால் ஹார்ட்வெயார் கடையில் நாலு அங்குல பிவிசி பைப்பில் ஒரு துண்டு வெட்டி வாங்கினோம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறி இறங்கினோம். பைப் புகுந்த இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் புள்ளி வைத்தோம். இப்போது எங்கள் கட்டடத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது எங்கள் கட்டடத்தின் கதை மட்டுமல்ல. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2008இல் சேர்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. விபத்துக் காயங்களால் நாளொன்றுக்கு 2,000க்கு மேற்பட்ட பிள்ளைகள் சாகிறார்கள், தெரிந்த வழிகளை எல்லா இடத்திலும் செய்தாலே அதில் 1,000 பேரையாவது காப்பாற்றலாம் என்று அது சொன்னது. விழுவது, தீ, சுடுநீர், நஞ்சு, நீரில் மூழ்குவது, வீதி விபத்து, இவைதான் பட்டியலில் முக்கியமானவை. புது நோயும் இல்லை, புது மருந்தும் வேண்டாம்.

நியூயோர்க்கில் 1970களின் தொடக்கத்தில் மாடி சன்னல்களிலிருந்து பிள்ளைகள் விழுந்து செத்துக்கொண்டிருந்தார்கள். நகரச் சுகாதாரத் துறை புத்திமதி சொல்வதோடு நிற்காமல், 1972இல் ஏழை வீடுகளுக்குச் சன்னல் கம்பிகளை இலவசமாகவே கொடுக்கத் தொடங்கியது. சாவு குறைந்தது. 1976இல் வீட்டுச் சொந்தக்காரர்தான் கம்பி போட வேண்டும் என்று சட்டமே வந்தது. தாய்மார் அதே தாய்மார்தான், சன்னல்தான் மாறியது.

நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மின்சாரம் இல்லாத வீடுகளில் பழைய போத்தலில் திரி போட்டு எரித்த குப்பி விளக்கு சரிந்து எத்தனை பேர் எரிந்து போனார்கள் என்று வயதானவர்களுக்குத் தெரியும். அந்தக் காயங்களுக்கு மருந்து போட்டு அலுத்துப்போன சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர புது விளக்கு ஒன்றைச் செய்தார். குள்ளமாக, கனமாக, திருகு மூடியோடு. இரண்டு பக்கம் தட்டை, அதனால் சரிந்தாலும் உருளாது, எண்ணெயும் கொட்டாது. சுதீப என்று பெயர். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அவர் யாரையும் "கவனமாக இருங்கள்" என்று ஏசவில்லை. விளக்கைத் திருத்தினார்.

நாங்கள் செய்ய நினைப்பதும் அந்த வகைதான்.

முதல் வேலை கம்பி. கீழ்மாடி தவிர்ந்த எட்டு மாடி நடைபாதையிலும் இருக்கிற கம்பிகளுக்கு நடுவே நிமிர்ந்த கம்பி வைத்து ஒட்ட வேண்டும். குறுக்குக் கம்பி வேண்டாம் என்று வெல்டிங் பாஸிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். குறுக்கே போட்டால் அது பிள்ளைக்கு ஏணி. மாடிக்கு 65,000 ரூபா, பெயின்டோடு. மொத்தம் 520,000. படிக்கட்டுத் திருப்பத்துச் சன்னல் எட்டுக்கும் கிரில் போட 112,000. அதுவரைக்கும் நடைபாதையில் கம்பியோரமாகக் கதிரை, ஸ்டூல், பழைய சலவை இயந்திரம் எதையும் வைக்காதீர்கள். பூச்சாடியையும் தள்ளி வையுங்கள். இதற்குக் காசு தேவையில்லை.

இரண்டாவது மூடி. பம்ப் இந்த லட்சணத்தில் இருப்பதால் (பம்ப் கதை வேறு, அதற்கு வேறு கூட்டம், வேறு சண்டை) எல்லா வீட்டுக் குளியலறையிலும் பரலும் வாளியும் நிரம்பியிருக்கும். தவழும் பிள்ளைக்கும் தத்தி நடக்கும் பிள்ளைக்கும் தலைதான் பாரம். எட்டிப் பார்த்து வாளிக்குள் குப்புற விழுந்தால் தானாக எழும்ப முடியாது. சில அங்குலத் தண்ணீர் போதும். சத்தமே வராது. மூழ்குகிறவர் கையை அடித்துக் கத்துவார் என்று படத்தில் பார்த்துப் பழகிவிட்டோம், அடுத்த அறையில் இருக்கும் தாய்க்கு ஒன்றும் கேட்காது. 2021இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 300,000 பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அதில் கிட்டத்தட்டக் கால்வாசி 5 வயதுக்குக் கீழே.

மண்ணெண்ணெய்க்கும் மூடி வேண்டும். 2022இல் காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்றபோது பல வீடுகளுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வந்தது. அடுப்பு இன்னும் போகவில்லை. எண்ணெய் எதில் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டோம். தண்ணீர் போத்தலில், சோடாப் போத்தலில், ஒரு வீட்டில் பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் போத்தலிலேயே. தாகத்தில் இருக்கும் பிள்ளைக்குப் போத்தல் என்றால் தண்ணீர்தான். மண்ணெண்ணெய் வயிற்றைவிட நுரையீரலைத்தான் கெடுக்கும். அதனால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலைப் போட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வருகிற வாந்தியோடு எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள், அல்லது ஓட்டோவில் ஏறிப் பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போத்தலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பரலுக்கு இறுக்கிப் பூட்டும் மூடி, எண்ணெய்க்கு அழுத்தித் திருகினால்தான் திறக்கும் கான், அடுக்களைக் கதவுக்கும் குளியலறைக் கதவுக்கும் உயரத்தில் ஒரு கொளுக்கி. வீட்டுக்கு 4,500 ரூபா. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கும் வீடு 40. ஆக 180,000.

மூன்றாவது வேலை பற்றிக் குழுவிலேயே இரண்டு கருத்து இருந்தது. ஒளித்து வைக்காமல் சொல்கிறேன். கீழ்மாடியில் சும்மா பூட்டிக் கிடக்கும் அறையைத் திருத்தி, காலை எட்டு மணியிலிருந்து ஒரு மணி வரை சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடமாக்குவது. "அது நேசரி வேலை, எங்கள் வேலையா?" என்று சிலர் கேட்டார்கள். பங்களாதேஷ் கிராமங்களில் பிள்ளைகள் குளத்தில் விழுவது பெரும்பாலும் காலையில், தாய் சமையலிலும் வீட்டு வேலையிலும் இருக்கும் நேரத்தில் என்று கண்டுபிடித்தார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் ஊருக்குள்ளேயே ஒரு பராமரிப்பு இடம் வைத்தார்கள். அங்கே சேர்ந்த பிள்ளைகள் மூழ்கிச் சாவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. நமக்குக் குளம் இல்லை, ஆனால் அதே காலை நேரம், அதே அடுப்பு, அதே வாளி. ஆறாம் மாடித் தாய்க்கு அன்று தேவைப்பட்டது புத்திமதியா, பிள்ளையை அரை மணி நேரம் விட்டுப்போக ஓர் இடமா? இதைக் கேட்ட பிறகு எதிர்த்தவர்கள் பேசவில்லை. அறைத் திருத்தத்துக்கு 150,000. பார்க்கப்போகும் இரண்டு பெண்களுக்கு ஆளுக்கு மாதம் 20,000 வீதம் ஆறு மாதத்துக்கு 240,000. அதற்குப் பிறகு பெற்றோர் சந்தாவில் நடக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம்.

அறை திறக்கிற அன்று முதலுதவிப் பயிற்சியும் நடக்கும். அது எனக்குத்தான் முதலில் தேவை. மூன்று வருசத்துக்கு முன் என் பேத்தி மேசை விரிப்பைப் பிடித்து இழுத்து, விளிம்பில் இருந்த பிளேன்டீயைக் கையில் கொட்டிக்கொண்டாள். நான் பதறிப் பற்பசையைப் பூசினேன். ஆஸ்பத்திரியில் அந்தப் பற்பசையைக் கழுவி எடுத்தபோது பிள்ளை கத்திய கத்தல் காயம் பட்டபோதுகூடக் கேட்கவில்லை. செய்ய வேண்டியது, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடிப்பது. ஐஸும் வேண்டாம், பேஸ்டும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம். மேசை விரிப்பு என் வீட்டில் இப்போது கிடையாது. பிள்ளைகள் வாயில் போட்டுத் தொண்டையில் சிக்கும் ரம்புட்டான் கொட்டை, கச்சான், பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பற்றரி இதையெல்லாம் அங்கே விளக்குவார்கள். பற்றரியை விழுங்கிவிட்டான் என்று சந்தேகம் வந்தாலே விடியும்வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே அரிக்கத் தொடங்கிவிடும்.

சரி, கணக்கு. எல்லாம் சேர்த்து 1,202,000 ரூபா. குடியிருப்பவர்கள் இதுவரை தந்தது 287,500. அதில் ஒரு பகுதி மீன் விற்கும் ஒருவர் நாளுக்கு 100 ரூபாவாக உண்டியலில் போட்டது. மீதி 914,500 வேண்டும்.

ஐந்நூறு ரூபா தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. ஒரு வீட்டுக்கான 4,500 தந்தால் எந்த மாடி வீட்டுக்கு என்று சொல்வோம். ஒரு மாடிக் கம்பியை முழுதாக ஏற்க முன்வந்தவர்கள் இருவர், ஒருவர் பிள்ளையின் முதலாம் பிறந்தநாளுக்கு, மற்றவர் தகப்பனின் ஆண்டுத் திவசத்துக்கு. வெளிநாட்டில் இருப்பவர்கள் வங்கி மூலம் அனுப்பலாம். கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறது, பொருளாளரும் செயலாளரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம். விபரத்தைப் பொருளாளரிடம் நேரில் கேட்டு வாங்குங்கள், வட்ஸ்அப்பில் வேறு யாராவது கணக்கு இலக்கம் அனுப்பினால் நம்பாதீர்கள். வரவு செலவு மாதம் ஒருமுறை லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டப்படும். லிஃப்ட் ஓடாவிட்டாலும் பலகை இருக்கும்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வெளியில் வெல்டிங் நடக்காது. அதனால் பாஸ் ஆவணி முடிவதற்குள் பாதிப் பணம் கேட்கிறார். ஆறாம் மாடியில்தான் தொடங்கச் சொல்லியிருக்கிறோம்.

காசாகத் தர முடியாதவர்கள் மூடியோடு இருக்கும் பழைய பரல் தரலாம், நல்ல கொளுக்கி தரலாம், சனிக்கிழமைகளில் பெயின்ட் அடிக்க வரலாம். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு கீழ்மாடி அறையில் யாராவது இருப்போம். மூடி இல்லாத பரலைத் தயவுசெய்து கொண்டுவராதீர்கள், அது எங்களிடமே நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் சங்கக் குழுவுக்காக