நாஷ்வில் போகும் நால்வருக்கு

நேப்பர்வில்,
டிசம்பர் 12

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாயிற்று. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் கல்லூரி விண்ணப்பங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீங்கள் நால்வரும் ஜனவரியில் முதல்முறையாக இமேஜிங் யுஎஸ்ஏ என்ற புகைப்படக்காரர் மாநாட்டுக்குக் கிளம்புகிறீர்கள் என்பது மிகவும் சந்தோஷமான செய்தி. எதை எடுத்துப் போவது, எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், மற்ற மூவருக்கும் படித்துக் காட்டு.

முதலில் ஒன்று. பகலில் நால்வரும் சேர்ந்து சுற்றாதீர்கள். ஒரே மணி நேரத்தில் பல அறைகளில் வகுப்பு நடக்கும். சேர்ந்தே போனால் ஒரு வகுப்புக் குறிப்பின் நாலு பிரதிதான் கையில் மிஞ்சும். நியூ ஜெர்சியில் ஒருவர் படம் எடுக்கும் கல்யாணத்துக்கு இன்னொருவர் இரண்டாவது கேமராவாகப் போகிறீர்கள் அல்லவா? அந்த வேலையில் எங்கே சறுக்குகிறது என்று இப்போதே உட்கார்ந்து பேசுங்கள். ஒளியமைப்பு ஒருவருக்கு, கட்டணமும் விற்பனையும் ஒருவருக்கு, ஆல்பமும் பிரின்ட்டும் ஒருவருக்கு, ஒப்பந்தமும் காப்புரிமையும் ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் அடுத்த கல்யாணத்தில் மாற்றப்போகும் மூன்று விஷயங்களை மட்டும் சொல்லட்டும். அன்றன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் ஆறப்போட்டால் நம் கையெழுத்து நமக்கே புரியாது. கட்டண வகுப்புக்குப் போகிறவர் போன வருஷக் கணக்கோடு போகட்டும்: எத்தனை கல்யாணம், மொத்த வரவு, ஆல்பத்துக்கு ஆன செலவு, உதவியாளர் சம்பளம், ஒரு கல்யாணத்தைத் திருத்தி முடிக்க ஆகும் மணி நேரம். கணக்கில்லாமல் உட்கார்ந்தால் அந்த வகுப்பு வெறும் உற்சாகப் பேச்சாகவே காதில் விழும்.

முக்கிய மூன்று நாள் வழக்கமாக ஞாயிறு முதல் செவ்வாய் வரை. அதற்கு முந்தைய நாட்களில் தனிக்கட்டண வகுப்புகள் உண்டு. கூட்டம் குறைவு, கையில் கேமராவோடு செய்து பார்க்கலாம். ஒருவருக்குத்தான் கூடுதல் பணம் கட்ட முடியுமென்றால் ஒளியமைப்பை எடுத்துக்கொண்டவரை அனுப்புங்கள். மற்ற மூன்று பாடங்களைக் கேட்டே புரிந்துகொள்ளலாம். ஒளியை ஒரு முறையாவது கையால் நகர்த்திப் பார்க்க வேண்டும்.

நடக்கும் இடம் நாஷ்வில் நகரின் கேலார்ட் ஆப்ரிலேண்ட் ஹோட்டல். 2,888 அறைகள், நடுவில் 9 ஏக்கர் கண்ணாடிக்கூரைத் தோட்டம். அறையிலிருந்து வகுப்புக்கு நடக்கவே பத்துப் பதினைந்து நிமிஷம் பிடிக்கும். முதல் நாள் மாலையே வரைபடத்தோடு ஒரு நடை நடந்து விடுங்கள். நாஷ்வில் ஜனவரிக் குளிர் இரவில் உறைநிலையை ஒட்டி இருக்கும், உள்ளே தோட்டத்தில் செடிகொடியின் ஈரமும் வெதுவெதுப்பும். வெளியே படம் எடுத்துவிட்டு நேராக உள்ளே வந்தால் லென்ஸில் பனி படரும். துணியால் துடைத்தால் திரும்பப் படரும். வெளியிலேயே கேமராவை ஜிப் பையில் போட்டு மூடி, உள்ளே வந்து அரை மணி கழித்துத் திற. ஈரம் பையின் மேல்தான் படியும்.

பையில் ஒரு கேமரா பாடி, ஒரு லென்ஸ் போதும். விளக்குகள் வேண்டாம். உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் போக வேண்டும், சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 100 வரை தடையில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு உபரியாக இரண்டே. கேமரா பேட்டரி 16 வாட்-அவர் அளவில்தான் வரும், கவலை வேண்டாம். நாஷ்வில் நேரம் உங்கள் ஊரைவிட ஒரு மணி பின்னால். நாலு கேமராவிலும் கடிகாரத்தை ஒரே நேரத்துக்கு வைத்துவிட்டுத்தான் முதல் படம் எடுக்க வேண்டும். இல்லையென்றால் படங்களை ஒன்றாகச் சேர்க்கும்போது வரிசை கலைந்துவிடும். கல்யாணத்திலும் இதே தவறுதான் நடக்கிறது.

ஸ்டால்களுக்கு வருவோம். கேமரா நிறுவனங்கள் தங்கள் ஸ்டாலில் அழகான மாடல், பெரிய மென்விளக்கு எல்லாம் வைத்திருப்பார்கள். அந்த வெளிச்சத்தில் எந்தக் கேமராவும் நன்றாகத்தான் எடுக்கும். நீ திரும்பி நின்று ஹாலின் இருண்ட மூலையில் நடந்து வருகிறவரைக் குறிவை. பின்னால் பிரகாசமான விளக்கு இருக்கும்படி நின்று முகத்தில் ஃபோகஸ் நிற்கிறதா என்று பார். ரிசப்ஷன் மேடையில் உனக்குக் கிடைக்கப்போவது அந்த வெளிச்சம்தான். சொந்தக் கார்டு போட அனுமதி கேள். விற்பனைக்கு வராத மாதிரிக் கேமராவில் பெரும்பாலும் விட மாட்டார்கள். விட்டால் ரா கோப்போடு (கேமரா பதிந்த மூலக் கோப்பு) சாதாரணப் படக்கோப்பான ஜேபெக்கும் சேர்த்து எடு, ஏனென்றால் புதுக் கேமராவின் ரா கோப்பை உன் மென்பொருள் இன்னும் திறக்காமல் போகலாம்.

படத்தில் பட்டை பட்டையாக இருள் விழுந்தால் உடனே கேமராவைக் குறை சொல்லாதே. அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் நொடிக்கு 120 முறை மின்னும். ஷட்டரை 1/60 அல்லது 1/125-இல் வைத்துப் பார், பட்டை பெரும்பாலும் மறையும். அதே இடத்தில் மின்னணு ஷட்டரிலும் (திரை நகராமல் சென்சாரே படத்தைப் படிக்கும் முறை) ஒரு முறை எடு. சாதாரண சென்சார் ஒரு படத்தை மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க 1/15 நொடி கூட எடுக்கும், அதற்குள் விளக்கு எட்டு முறை மின்னிவிடும். ரிசப்ஷன் மேடையில் எல்இடி திரைக்கு முன்னால் தம்பதி நிற்கும்போது வரும் கோளாறும் இந்த வகைதான். வாங்குவதற்கு முன்பு இதைச் சோதித்துப் பார்க்க அந்த ஹாலைவிட நல்ல இடம் கிடைக்காது.

லென்ஸ் பார்க்கும்போது அதன் துளையை முழுக்கத் திறந்து ஒரு தட்டையான சுவரை நேராக எடுத்து நாலு மூலைகளையும் ஒப்பிடு. ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது. அது அந்த ஒற்றை லென்ஸின் குறையாகவும் இருக்கலாம், ஸ்டாலில் இருக்கும் லென்ஸ் உன் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே வாங்கியதும் அதே சோதனையைத் திரும்பச் செய், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

விளக்கு ஸ்டாலில் டிரிக்கரை (ஃப்ளாஷைத் தூரத்திலிருந்து எரிய வைக்கும் கருவி) கடன் கொடுத்து மாடலை எடுக்கச் சொல்வார்கள். வரிசையில் நிற்கும்போதே ஷட்டரை 1/160-க்கு இறக்கி, மின்னணு ஷட்டரை அணைத்து வை. அது இயங்கினால் பல கேமராக்களில் ஃப்ளாஷ் எரியவே எரியாது. உன் முறை அதிலேயே போய்விடும். அப்படியும் எரியாவிட்டால் டிரிக்கர் மட்டமானது என்று முடிவு கட்டாதே, ஒரே ஹாலில் நூற்றுக்கணக்கான கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் முட்டிக்கொள்கின்றன. விளக்கை வாங்க நினைத்தால் ஒரே வலிமையில் விடாமல் பத்துப் படம் எடுத்து, வெளிச்சமும் நிறமும் முதல் படத்துக்கும் பத்தாவதுக்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார். தாலி கட்டும் நொடியில் விளக்கு மாறினால் அந்தப் படத்துக்கு இரண்டாம் வாய்ப்பு ஏது?

நான் உன்னை அதிக நேரம் நிற்கச் சொல்வது படங்களைத் தாளில் அச்சிட்டு ஆல்பம் செய்யும் பிரின்ட் லேப்களின் பக்கம். அவர்கள் காட்டும் மாதிரி ஆல்பங்களில் பெரும்பாலும் வெள்ளை கவுன், வெளிர்ந்த புல்வெளி. அதைப் பார்த்து மயங்காதே. நம் படங்கள் ஐந்தை ஒரு பென்டிரைவில் கொண்டு போ: அரக்குப் பட்டில் மணப்பெண், மயில்கழுத்துப் புடவை ஒன்று, ஹோமப் புகைக்கு நடுவே முகம், நெற்றிச்சுட்டியும் ஒட்டியாணமும் தெரியும் நகைப்படம், கறுத்த நிறத்தவரும் சிவந்த நிறத்தவரும் சேர்ந்து நிற்கும் குடும்பப் படம். "இவற்றை உங்கள் தாளில் போட்டுக் காட்டுவீர்களா" என்று கேள். அங்கேயே முடியாவிட்டாலும் சோதனை பிரின்ட் வீட்டுக்கு அனுப்பும் லேப்கள் உண்டு.

அரக்குச் சிவப்பில் என்ன நடக்கிறதென்றால், பொது வெளிச்சக் கணக்கு சரியாக இருக்கும்போதே சிவப்புச் சேனல், அதாவது சிவப்பு நிறத்தின் பதிவு, மட்டும் உச்சியில் முட்டி நிற்கும். மடிப்புகள் காணாமல் போய்ப் புடவை ஒரே சாயப்பூச்சாகத் தெரியும். எடுக்கும்போதே மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினால் பாதி தப்பும், மீதி தாளைப் பொறுத்தது. மயில்கழுத்து வேறு வகைச் சங்கடம். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். ஒளி விழும் கோணம் மாறினால் புடவையே மாறிவிடும். இரண்டு பேர் இரண்டு பக்கம் நின்று எடுத்த படங்களை ஒரே பக்கத்தில் வைத்தால் பெண் புடவை மாற்றினாளா என்று கேட்பார்கள். இதை லேப் திருத்தித் தராது. நீங்கள்தான் வெண்சமநிலையை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு) ஒரே கெல்வின் எண்ணில் பூட்டி, முதன்மை விளக்கை ஒரே பக்கம் வைக்க வேண்டும்.

லேபில் கேட்க வேண்டியவை: எந்த வண்ணவெளியில் (கோப்பு காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு) கோப்பு வேண்டும், தாளுக்குரிய ஐசிசி புரொஃபைல் என்ற நிற விவரக் கோப்பு தருவார்களா, தாங்களாக நிறம் திருத்துவார்களா, அதை நிறுத்தச் சொல்ல வழி உண்டா, நிறம் பிசகினால் மறுபடி அடித்துத் தருவார்களா. ஆல்பத்தைப் பொறுத்தவரை தடிமன் கணக்கு முக்கியம். கெட்டித் தாள் ஒன்று 1 மில்லிமீட்டர் என்றால் 50 தாளுக்கே 5 சென்டிமீட்டர், அட்டை தனி. நிச்சயதார்த்தம், முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் ஒரே ஆல்பத்தில் வேண்டுமென்று கேட்கும் நம் குடும்பங்களுக்கு மெல்லிய தாளோ இரண்டு பாகமோதான் சரி. தட்டையாக விரியும் ஆல்பத்திலும் நடுவில் ஒரு மடிப்புக்கோடு விழும். பன்னிரண்டு பேர் நிற்கும் படத்தை இரு பக்கத்துக்கும் விரிக்கும்போது அந்தக் கோடு யார் முகத்தில் விழுகிறது என்று பார். குழுப்படம் எடுக்கும்போதே நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டு நிறுத்தினால் அந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது போட்டிப் படங்களின் காட்சி. மாநாட்டை நடத்தும் பிபிஏ என்ற தொழில்முறைப் புகைப்படக்காரர் சங்கத்தின் போட்டி மதிப்பீடு முன்னதாகவே முடிந்துவிடும், அங்கே தேர்வானவற்றைப் பார்க்கலாம். நூற்றுக்கு 80 எட்டினால் மெரிட் என்ற தகுதி என்பது நெடுங்காலப் பழக்கமாக இருந்தது. தாக்கம், அமைப்பு, ஒளி, கண் தங்கும் இடம், வண்ணச் சமநிலை, கதை சொல்லல் என்று 12 கூறுகளை வைத்து நடுவர்கள் பார்த்து வந்தார்கள். ஒரு நடுவர் மற்றவர்களோடு உடன்படாவிட்டால் அந்தப் படத்துக்காக எழுந்து வாதாடவும் முடிந்தது. விதிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள், கலந்துகொள்ளும் ஆண்டின் கையேட்டைப் படித்துவிடு. இங்கே மட்டும் நால்வரும் சேர்ந்து போங்கள். ஒரே படத்தின் முன் பேசாமல் நின்று ஆளுக்கொரு மதிப்பெண்ணும் ஒரு காரணமும் எழுதிக்கொண்டு, பிறகு ஒப்பிடுங்கள். எண்கள் எங்கே விலகுகின்றனவோ அங்கே பேச்சைத் தொடங்குங்கள். உச்சப் பரிசு பெற்றவற்றைவிட மெரிட்டோடு நின்றவற்றில்தான் நாம் கற்க நிறைய இருக்கிறது.

காப்புரிமை வகுப்பை யாரும் தள்ளிவிட வேண்டாம். இந்தச் சங்கத்தின் வேரே ஒரு உரிமைச் சண்டையில் இருக்கிறது, ஆனால் அது படத்தின் காப்புரிமை அல்ல, கண்டுபிடிப்புக்கான பேடன்ட். அந்தக் காலத்தில் படத்தகட்டில் பூசிய கொலோடியன் என்ற திரவத்தில் புரோமைடு சேர்ப்பதற்கு ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ் கட்டிங் 1854-இல் பேடன்ட் வாங்கியிருந்தார். அதை நீட்டிக்கக் கூடாதென்று 1868-இல் நியூயார்க்கில் படக்காரர்கள் கூடினார்கள், நீட்டிப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு பாஸ்டனில் முதல் மாநாடு. அன்று கூடியவர்கள் பலரும் உன்னைப் போல ஸ்டுடியோ வைத்துப் பிழைத்தவர்கள். இன்றைக்குப் பயன்படும் விஷயம் படத்தின் காப்புரிமை: ஒரே விண்ணப்பத்தில் 750 படங்கள் வரை 55 டாலருக்குப் பதிவு செய்யலாம். படத்தை யாராவது திருடினால் 2022-இல் திறந்த காப்புரிமைக் கோரிக்கை வாரியத்தில் 30,000 டாலர் வரை கேட்கலாம். ஒரு முகூர்த்த சீசனுக்கு ஒரு பதிவு என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எதையாவது வாங்கினால் கையில் வாங்காதே, வீட்டுக்கு அனுப்பச் சொல். நாஷ்வில் விற்பனை வரி 9.75 சதவீதம், நியூ ஜெர்சியில் 6.625. 3,000 டாலர் கேமராவில் 90 டாலருக்கு மேல் மிச்சம், சுமையும் இல்லை. "இன்றைக்கு மட்டும்" விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு இரவு தூங்கி எழு. செவ்வாய்க்கிழமை ஸ்டாலைப் பிரித்து மூட்டை கட்டும் நேரத்தில் மாதிரி ஆல்பங்களையும் பின்னணித் திரைகளையும் குறைத்துக் கொடுப்பவர்கள் உண்டு, நாலு பேரில் ஒருவர் அந்தப் பக்கம் நிற்கட்டும்.

லேபில் அரக்குப் புடவைப் பிரின்ட் கிடைத்தால் பளபளப்புத் தாளிலும் மங்கல் தாளிலும் ஒவ்வொன்று எனக்கும் அனுப்பு. பின்பக்கம் தாளின் பெயரை எழுதி வை. அம்மாவுக்கு என் வணக்கம் சொல்.

அன்புடன்,
ராகவன்