கொலோன் நகர்மன்றத்துக்கு: அந்தப் பத்துப் பக்கக் கடிதத்தையும் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய நகர்மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனில் எழுதினால் விஷயத்தை விட்டுவிட்டு என் இலக்கணப் பிழையைத்தான் பார்ப்பீர்கள் என்ற பயத்தில் முதலில் தமிழிலேயே எழுதிவிட்டேன். இந்த ஊரில் இருக்கும் நம் ஆட்களும் படிக்கட்டும்.

உங்கள் பழைய மேயர் கொன்ராட் அடெனாவரைப் பற்றித்தான் பேச வந்தேன். அப்போஸ்தலர் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் சிலையைப் பார்க்கப் போன மாதம் ஒரு குழுவோடு போயிருந்தோம். வழிகாட்டி கொடிக் கதையைச் சொன்னார்: 1933 பிப்ரவரியில் ஹிட்லர் பிரசாரத்துக்கு வந்தபோது மேயர் வரவேற்கப் போகவில்லை, ரைன் ஆற்றின் மேல் இருக்கும் டாய்ட்ஸ் பாலத்தில் கட்டியிருந்த ஸ்வஸ்திகா கொடிகளை இறக்கச் சொன்னார், மார்ச் மாதம் பதவி போயிற்று. "அப்புறம் 1945 வரைக்கும் என்ன பண்ணினார்?" என்று என் மகள் கேட்டாள். "ரோஜாச் செடி வளர்த்தார்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம், நானும்தான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்த பிறகுதான், சிரித்திருக்க வேண்டாமே என்று தோன்றியது. 1934 ஆகஸ்டில் அதே மனிதர் பிரஷ்ய உள்துறை அமைச்சருக்குப் பத்துப் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். நாஜிக் கட்சியை நான் எப்போதும் முறையாகத்தான் நடத்தினேன், மேலிடத்து உத்தரவுக்கு மாறாக நகராட்சி மைதானங்களைக் கொடுத்தேன், நகராட்சிக் கொடிக்கம்பங்களில் அவர்கள் கொடியை ஏற்றவும் விட்டேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். எதற்கு? ஓய்வூதியத்துக்கு. பாலத்திலிருந்து இறக்கச் சொன்ன கொடியையே ஒன்றரை வருஷத்தில் தனக்குச் சாட்சியாகக் கூப்பிட வேண்டிய நிலை.

இதை வைத்து அவரைக் கோழை என்று சொல்ல நான் வரவில்லை. அப்போது அவர் கையில் காசில்லை, ஏழு பிள்ளைகள், ஊருக்குள் இருக்க முடியாமல் மரியா லாக் மடத்தில் பல மாதம் ஒதுங்கி இருந்தவர். கைகொடுத்தவர் டானி ஹைன்மன் என்ற யூதத் தொழிலதிபர், பத்தாயிரம் மார்க். கடிதத்துக்குச் சில வாரம் முன்னால், தன் கட்சியின் எஸ்.ஏ. படைத் தலைவன் ஏர்ன்ஸ்ட் ரோமின் கும்பலை ஹிட்லர் கொன்று தீர்த்த நாளில், இவரையும் பிடித்துக்கொண்டு போய் இரண்டு நாள் வைத்திருந்து விட்டார்கள். அந்தப் பயத்தோடு மேசையில் உட்கார்ந்து மனு எழுதுகிறவனுக்கு வார்த்தை எப்படி வரும் என்று, அரசாங்க அலுவலக வாசலில் ஒரு தரமாவது நின்றவனுக்குத் தெரியும்.

என் சங்கடம் வேறு. கொடியை மட்டும் சொல்லிக் கடிதத்தை விட்டுவிட்டால், ஒரு நகராட்சிக்காரர் எத்தனை எஜமானர்களோடு மல்லுக்கட்டினார் என்பதே மறைந்துபோகிறது. 1917-ல் கைசர், அதாவது ஜெர்மன் பேரரசர், காலத்தில் மேயரானார். அதற்கு முன்பே, போர்ப் பஞ்சத்தில் மக்காச்சோளம், பார்லி, அரிசி மாவெல்லாம் கலந்து ஒரு ரொட்டி செய்து காப்புரிமையும் வாங்கியவர். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கிரௌப்பனாவர்', அதாவது பார்லிக் குருணைக்காரர். (எப்போதும் குருணையே தின்ற கோபமாக இருக்கும், பாராட்டாகத் தெரியவில்லை.) மறு வருஷமே கைசர் ஓடிவிட்டார். நவம்பரில் தொழிலாளர், படைவீரர் குழுவோடு பேச்சு, டிசம்பரில் பிரிட்டிஷ் படையோடு பேச்சு. பிரிட்டிஷார் 1926 வரை இருந்தார்கள். அதற்குள் பல்கலைக்கழகம், பொருட்காட்சி வளாகம், பழைய கோட்டை நிலத்தில் பசுமை வளையம் என்று கட்டித் தள்ளினார். கடனையும் ஏற்றி வைத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பொருட்காட்சி வளாகத்தைப் பற்றி ஒன்று. 1924-ல் இவர் காலத்தில் திறந்தது. 1944-ல் ஹிட்லரைக் கொல்லும் முயற்சி தோற்ற பிறகு நடந்த கைதுகளில் இவரையும் கொண்டுபோய் அடைத்தார்கள், அதே வளாகத்தில். அது அப்போது கைதி முகாம். புகென்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பும் பட்டியலில் இவர் பெயர் இருப்பதைச் சொல்லி, உடம்பு சரியில்லை என்று காட்டி மருத்துவமனைக்குப் போக வழி செய்தவர் ஓய்கன் சாண்டர் என்ற கைதி. அவர் ஒரு கம்யூனிஸ்ட்! வாழ்நாள் முழுக்க அடெனாவருக்கு ஆகாத கட்சி. மருத்துவமனையிலிருந்து அடெனாவர் தப்பினார். ஆனால் மனைவி குஸ்ஸியைப் பிடித்துப் போய், மகள்களைச் சொல்லி மிரட்டி, ஒளிந்திருந்த இடத்தை அவர் வாயாலேயே வாங்கினார்கள். அந்த அம்மா அதிலிருந்து மீளவே இல்லை, 1948-ல் இறந்துபோனார். ரோஜாச் செடிக் கதையில் இவருக்கு இடமே இல்லை, பாருங்கள்.

1945-ல் அமெரிக்கர்கள் மறுபடி மேயராக்கினார்கள். புகென்வால்டு, டாஹாவ் வதைமுகாம்களில் மிஞ்சிய கொலோன்காரர்களைக் கூட்டிவரப் பேருந்து அனுப்பினார். அடுத்து வந்த பிரிட்டிஷார், குளிர்காலத்துக்கு விறகு வேண்டும், பசுமை வளையத்து மரங்களை வெட்டு என்றபோது முடியாது என்றுவிட்டார். இடிபாட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு தாய்க்கு அந்த மறுப்பு எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை. நான் இன்று அந்த மரத்தடியில் நடப்பவன், நடுநிலையாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அக்டோபர் 6-ல் பிரிகேடியர் பாரக்ளவ் இவரைக் கூப்பிட்டு, கடமையில் தவறினீர் என்று வாசித்துக் காட்டி வேலையை விட்டு நீக்கினார். உட்கார நாற்காலிகூடக் கொடுக்கவில்லை. நான்கே வருஷத்தில் மேற்கு ஜெர்மனிக்கே சான்சலர்.

சரி, கோரிக்கைக்கு வருகிறேன். சிலைக்குப் பக்கத்தில் அந்த 1934 கடிதத்தின் ஒரு பக்கத்தையாவது, படிக்கிற அளவு எழுத்தில், கண்ணாடிக்குள் வையுங்கள். நகரச் சுற்றுலாவில் பள்ளிப் பிள்ளைகளைக் கொடிக் கதையோடு திருப்பி அனுப்பாமல், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பொருட்காட்சி வளாகம் வரை நடத்திக் கூட்டிப்போய் சாண்டர் பெயரையும் குஸ்ஸி பெயரையும் சொல்லச் சொல்லுங்கள். பாலத்து வழியாகத்தானே போக வேண்டும், கொடிக் கதையை அங்கேயே வைத்துச் சொல்லிக்கொள்ளலாம்.

பதிலை ஜெர்மனிலேயே எழுதுங்கள், என் மகள் படித்துச் சொல்வாள். கேள்வி கேட்டவளும் அவள்தான்.

இப்படிக்கு,
பசுமை வளையத்தில் தினமும் நடக்கும் ஒருவன்